இரண்டு வலக்கால்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் குதிரையிலிருந்து விழுந்தார். போர்க்களத்தில் விழுந்திருந்தால் புலவர்கள் எதையாவது பாடிச் சமாளித்திருப்பார்கள். அவர் விழுந்தது அரண்மனை வாசலில், வேட்டி நுனி கால் வைக்கும் அங்கவடியில் சிக்கிக்கொண்டதால். கீரை விற்க வந்த பெண்கள் உட்பட எல்லோரும் பார்த்தார்கள்.

செண்பகராயர் என்பது அவர் பெயர். நல்ல மனிதர். தப்பை ஒப்புக்கொள்வதற்கு மட்டும் அவருக்குக் கொஞ்சம் நாளாகும். சுளுக்கிய காலை நீட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தவர், ஒரு நாள் சபையைக் கட்டிலைச் சுற்றிக் கூட்டினார்.

"குதிரை வியாபாரிகள் அணிகிறார்களே கால்சட்டை, அதுபோல் தினப்படி உடுத்த எனக்கு ஒன்று வேண்டும். அதை நானே தைக்கப் போகிறேன்."

"அரசே, அரண்மனையில் பன்னிரண்டு தையற்காரர்கள் இருக்கிறார்கள்" என்றார் மந்திரி.

"இருக்கட்டும். இந்தக் கிரீடம் யாரோ செய்தது. சிம்மாசனம் யாரோ செய்தது. இந்த ராஜ்யமே என் தகப்பனார் கொடுத்தது. என் கையால் நான் செய்த பொருள் ஒன்றுகூட இந்த உலகத்தில் இல்லை. படுத்துக் கிடந்தபோது இதை நினைத்தேன். எனக்குத் துக்கமாக இருந்தது."

சபையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அதே துக்கம் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

தலைமைத் தையற்காரர் மீராசா ராவுத்தர் வரவழைக்கப்பட்டார். அவர் அரசரை அளவெடுத்து, கெட்டியாகக் கஞ்சி போட்ட துணியில் ஒரு காலுக்கான மாதிரியை வெட்டி, ஒரு பக்கத்தில் கரிக்கட்டியால் நடுக்கோடு போட்டுக் கொண்டுவந்தார். அரசர் தேர்ந்தெடுத்திருந்தது ஒரு பக்கம் மட்டும் பூ அச்சடித்த சீட்டித் துணி.

"இது ஒரு காலுக்குத்தான், மகாராஜா. கரிக்கோடு மேல தெரியற மாதிரி வெச்சு ஒரு தடவை வெட்டுங்க. அப்புறம் மாதிரியைப் புரட்டிப் போட்டு இன்னொரு தடவை வெட்டணும். புரட்டுனாத்தான் இடக்கால் கிடைக்கும்."

அவர் இதைச் சொன்ன நேரத்தில் ஆடையறை அதிகாரி மங்களேசர் அரசரின் மறுபக்கம் நின்று, கத்தரிக்கோலை அரசர் பிடித்த அழகைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அரசருக்கு இரண்டு காது. அவற்றில் எது நன்றாகக் கேட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"நீர் பக்கத்தில் இருந்தால் நீர் தைத்துக் கொடுத்தது என்பார்கள், ராவுத்தரே. போய் வாரும்" என்று அரசர் அவரை அனுப்பிவிட்டார்.

ஒன்பது நாள் தைத்தார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திப் புள்ளி விழுந்தது. தையல் எறும்பு ஊர்ந்த வழியாய்க் கோணிக்கொண்டு போயிற்று. ஆனாலும் அந்த ஒன்பது நாளும் அவர் யாரையும் கடிந்து பேசவில்லை. ராணி வந்து பார்த்துவிட்டு, கலியாணமான நாளிலிருந்து அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்தாம் நாள் அதை உடுத்திக்கொண்டு சபைக்கு நடந்தார். வலக்கால் பிரமாதம். இடக்காலில் பின்னால் இருக்க வேண்டிய தொளதொளப்பு வயிற்றுக்குக் கீழே முன்னால் வந்து தொங்கியது. முன்னால் இருக்க வேண்டிய இறுக்கம் பின்னால் போய்ப் பிடித்தது. கணுக்காலில் இருக்க வேண்டிய தையல் முழங்காலைச் சுற்றிக்கொண்டு ஏறியது. வலது செருப்பை இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டவர்போல் தடுமாறி, சிம்மாசனப் படியில் முட்டிக்கொண்டு நின்றார்.

மாதிரியைப் புரட்ட மறந்து, அரசர் இரண்டு வலக்கால் வெட்டித் தைத்திருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

ராவுத்தர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். "நான் புரட்டச் சொன்னேனே, மகாராஜா" என்றார் மெதுவாக.

மங்களேசருக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ராவுத்தரின் இடத்தில் தம் மைத்துனரை வைக்க அவர் நெடுநாளாக வழி பார்த்துக்கொண்டிருந்தார். புரட்டு என்றால் பித்தலாட்டம் என்றும் பொருள் உண்டல்லவா?

"சபையோர் கேட்டீர்களா? அரசருக்குப் புரட்டைச் சொல்லிக்கொடுத்ததாக இவனே ஒப்புக்கொள்கிறான். அரசர் கை தவறாது. ஆகவே மாதிரி தவறு. வேண்டுமென்றே கெட்ட மாதிரியைக் கொடுத்து அரசரைச் சபை நடுவே தடுமாற வைத்திருக்கிறான்."

அரசர் முகம் சிவந்திருந்தது. ஒன்பது நாள் உழைப்பை ஊரே பார்த்துச் சிரிக்கப்போகிறது என்ற ஆத்திரத்தில், "எட்டாம் நாள் குடும்பத்தோடு புறப்பட்டு நாட்டை விட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்.

ராவுத்தர் கும்பிட்ட கையோடு நின்றார். பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்த மகளுக்கு அது ஒன்பதாம் மாதம். நாட்டின் எல்லையோ மாட்டு வண்டியில் ஆறு நாள் பயணம்.

அப்போது சபையின் விகடகவி குழைக்காதன் எழுந்தான். ஆள் குட்டை, வயிறு கொஞ்சம் முன்னால் போகும். "அரசே, மாதிரியில் குற்றம் இல்லை" என்றான்.

மங்களேசர் இனிப்பாகச் சிரித்தார். குழைக்காதனையும் அவருக்கு ஆகாது. "அப்படியா? சரி. அதே மாதிரி, அதே துணி. உன் கையாலேயே ஒரு கால்சட்டை தைத்து உடுத்திக்கொண்டு, எட்டாம் நாள் சிம்மாசனத்தை மூன்று முறை சுற்றி வா. மாதிரியில் எந்தப் புரட்டும் கூடாது. நீ உடுத்தியது சரியாக இல்லாவிட்டால் நீயும் ராவுத்தரோடு எல்லை தாண்டு. சரியாக இருந்தால் தவறு அரசருடையது என்று ஆகிறது. அரசரைக் குற்றவாளி ஆக்குபவனுக்கு என்ன தண்டனை என்பதை நான் சொல்ல வேண்டாம்."

எந்தப் பக்கம் போனாலும் குழி.

"ஒப்புக்கொள்கிறேன்" என்றான் குழைக்காதன். "ஆனால் பின்னால் நான் புரட்டினேன் என்று பேச்சு வரக் கூடாது. மாதிரியைத் துணிமேல் அதிகாரி அவர்களே தம் கையால் வைக்கட்டும். இங்கேயே வெட்டிவிடுகிறேன்."

இரண்டு துண்டு சீட்டித் துணியை ஒன்றின்மேல் ஒன்றாக, பூப்பக்கம் மேலே தெரியும்படி விரித்தார்கள். குழைக்காதன் அரசரின் அறையிலிருந்து கொண்டுவந்த மாதிரியை எடுத்து, கரிக்கோடு வெளிப்பக்கம் வரும்படி ஓலைச் சுருள்போலச் சுருட்டி, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினான். மங்களேசர் சுருளைத் துணிமேல் வைத்து, ஓலையை விரிப்பதுபோல விரித்துவிட்டார். கரிக்கோடு அடிப்பக்கம் போய்விட்டது. ஆடையறைக்குப் பதினைந்து வருடம் அதிகாரியாக இருந்தவர் ஒரு நாளும் ஊசியைத் தொட்டதில்லை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. குழைக்காதன் விளிம்போடு விளிம்பாக வெட்டினான்.

வெட்டிய துணியோடு அவன் நேராக ராவுத்தர் வீட்டுக்குப் போனான். முற்றத்தில் சட்டி பானைகளைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் சுவரோரம் சாய்ந்து, வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எனக்காக எதுக்குத் தம்பி வாயைக் குடுத்தீங்க?" என்றார் ராவுத்தர். துணியை வாங்கிப் பார்த்தவர் முகம் வாடியது. "ரெண்டுமே இடக்காலா வெட்டியிருக்கே."

"தெரியும்ணே. ஊசியில நூல் கோக்க மட்டும் சொல்லிக்குடுங்க. தைக்கிறது நானே தைக்கணும்."

"இதை உடுத்திக்கிட்டு எப்படி நடப்பீங்க?"

"விழுந்து விழுந்துதான்."

ராவுத்தர் நூல் கோத்துக் காட்டினார். ஏழு நாள் அந்த முற்றத்தில் உட்கார்ந்து குழைக்காதன் தைத்தான். ஒருவர் மூட்டை கட்டினார், இன்னொருவர் தைத்தார். நாலாம் நாள் ராவுத்தரின் மகள் தகப்பனாரைப் பார்த்து, "அத்தா, வழியில வலி எடுத்தா வண்டியை நிறுத்துவாங்களா?" என்று கேட்டாள். குழைக்காதனுக்கு ஊசி விரலில் ஏறியது. அவன் பயந்துபோயிருந்தான். விகடகவி என்றால் பயமே இருக்காது என்று நினைப்பவர்கள் விகடகவியின் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

எட்டாம் நாள் சபை நிறைந்தது. குழைக்காதன் அரசர் அளவுக் கால்சட்டையின் அடியை நாலு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். சிம்மாசனத்தை மூன்று முறை சுற்றினான். இரண்டு முறை விழுந்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராவுத்தர் மட்டும் தலை குனிந்து நின்றார்.

"முடிந்தது" என்றார் மங்களேசர். "மாதிரி கெட்டது என்று நிரூபணமாகிவிட்டது. இருவரும் புறப்படலாம்."

"அரசே, ஒரு விண்ணப்பம். தாங்கள் தைத்ததைத் தாங்களும் உடுத்திக்கொண்டு என் எதிரே நிற்க வேண்டும்."

அரசருக்கு விருப்பமில்லை. ஆனாலும் உள்ளே போய் உடுத்திக்கொண்டு, தூணைப் பிடித்தபடி வந்து எதிரே நின்றார்.

"தங்களுக்கு எந்தக் கால் சரியாக இருக்கிறது, அரசே?"

"வலக்கால்."

"எனக்கு இடக்கால். மாதிரி கெட்டது என்றால் இந்த இரண்டு கால்களும் அச்சாக எப்படி வந்தன?"

"ஆகவே அரசர்தான் தவறினார் என்கிறாய்" என்றார் மங்களேசர். அவர் காத்திருந்தது இந்த இடத்துக்குத்தான்.

"அரசர் எங்கே தவறினார்? நாமாக இருந்தால் ஒரே ஒரு கால்சட்டை தைக்கத் தொடங்கியிருப்போம். அவர் அரசர், ஒரே மூச்சில் இரண்டு தைக்கத் தொடங்கினார். இரண்டுக்கும் வலக்காலை முடித்துவிட்டார். இடக்கால்கள் மிச்சம் இருந்தன. ராஜ்ய காரியங்களுக்கு நடுவே அவருக்கு எதற்குச் சிரமம் என்று அவற்றை நான் தைத்தேன். ராவுத்தர் நடுத்தையலைப் பிரித்து மாற்றி இணைத்தால் இரண்டு கால்சட்டையும் முடிந்துவிடும்."

அரசரும் விகடகவியும் திரைக்குப் பின்னால் வேட்டிக்கு மாறினார்கள். ராவுத்தர் நடுச்சபையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தையலைப் பிரித்தார். அரசர் தைத்த ஒரு வலக்காலோடு குழைக்காதன் தைத்த ஓர் இடக்காலை இணைத்தார். மிச்சம் இருந்த இரண்டையும் அப்படியே இணைத்தார்.

அரசர் உடுத்திக்கொண்டு நடந்தார். சபையின் கடைசித் தூண் வரை போய்த் திரும்பி வந்தார். ஒரு முறை குந்தி எழுந்தார். யாரையும் பார்க்காமல் இன்னொரு முறை நடந்தார்.

மங்களேசர் விடவில்லை. "அரசே, புரட்டக் கூடாது என்பது நிபந்தனை. இடக்கால் வந்திருக்கிறது என்றால் இவன் மாதிரியைப் புரட்டியிருக்கிறான்."

"துணிமேல் வைத்த பிறகு நான் மாதிரியைத் தொடவே இல்லை" என்றான் குழைக்காதன். "சபையே சாட்சி. வைத்தவர் யார் என்பதையும் சபையே சொல்லட்டும். இந்த இரண்டு கால்சட்டைக்கும் வேண்டியிருந்தது ஒரே ஒரு புரட்டு. அதை அதிகாரி அவர்கள் தம் கையாலேயே செய்து கொடுத்தார்கள்."

மங்களேசர் தம் கையைப் பார்த்துக்கொண்டார். அரசர் சிரிக்கத் தொடங்கினார். சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். சபையும் கூடச் சிரித்தது. பிறகு அவர் சிரிப்பு நின்றது. சபைக்கு உடனே நிறுத்தத் தெரியாமல் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தது.

"நான் பார்த்தேன்" என்றார் அரசர். "மங்களேசர் விரித்தபோது கரிக்கோடு தெரியவில்லை. நான் வெட்டியபோது இரண்டு முறையும் அது மேலேதான் இருந்தது. அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது, தவறியது நான் என்று. எட்டு நாளாக அது எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. என் கையால் செய்த ஒரே பொருள் பிழை என்று ஆகிவிடக் கூடாது என்று, ஒரு குடும்பத்தையே அனுப்பிவிட இருந்தேன்."

அரசர் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டார்.

"பரிசு முன்னமே கிடைத்துவிட்டது, அரசே" என்றான் அவன். "எந்த விகடகவியின் கால்சட்டைக்கு அரசர் வலக்கால் தைத்துக் கொடுத்திருக்கிறார்?"

அரசர் மறுபடியும் சிரித்தார். மங்களேசருக்கு ஒரு மாதிரியும் ஓர் ஊசியும் தரப்பட்டன. தாமே தைத்து, எப்படி வந்தாலும் அதை உடுத்திக்கொண்டுதான் இனிச் சபைக்கு வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதற்கு அப்புறம் பல மாதம் அவர் சபைப் பக்கம் வரவில்லை.

அரசர் படியிறங்கி ராவுத்தர் முன்னால் வந்து நின்றார். "ராவுத்தரே, நான் உமக்குப் பெரிய அநியாயம் செய்தேன். என்ன வேண்டுமானாலும் கேளும்."

ராவுத்தர் ஊசியைத் தலைப்பாகையில் குத்திக்கொண்டு எழுந்தார்.

"ஒண்ணும் வேண்டாம், மகாராஜா. வீட்டுல வண்டி பூட்டி வெச்சிட்டு உக்காந்திருக்காங்க. நான் முந்திப் போய் மாட்டை அவுக்கச் சொல்லணும்."

பல்லக்கு வரச் சொல்லி அரசர் கை தட்டித் திரும்புவதற்குள், கிழவர் வாசல் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.