மாடபுரியின் வடக்கு வாசல்

சேந்தனார் துறவு பூண்டபோதே அவருக்குத் தலை நரைத்திருந்தது. அவருடைய குரு மங்கையம்மைக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் "தாயே" என்றுதான் கூப்பிடுவார்.

முன்பு சேந்தனார் மாடபுரியின் வடக்கு வாசலுக்குக் காவல் தலைவர். தெருவுக்கொரு கோயில் என்று பேர்பெற்ற நகரம் அது. பகைவர் கொளுத்திவிட்டுப் போனபின் அங்கே யாரும் குடியேறவில்லை. அந்தத் திசையே வேண்டாம் என்று சுற்றுவழியில் நடந்து பழகியவர், ஒருநாள் தாமே கேட்டார்.

"ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா, தாயே?"

"வாருங்கள், போவோம்."

கோபுரங்களைப் பிளந்துகொண்டு அரசமரங்கள் வளர்ந்திருந்தன. சிவன் கோயில் மண்டபத்தில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. மதில் இருபுறமும் சரிந்து கிடக்க, வடக்கு வாசலின் கல்நிலை மட்டும் தனியே நின்றது. சேந்தனார் அதற்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"இங்கேதான்," என்றார்.

மங்கையம்மை ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"குதிரைப்படை வருகிறது என்று சேதி வந்ததும் அரசர் கதவை அடைக்கச் சொன்னார். யார் வந்தாலும் திறக்கக் கூடாது என்று ஆணை. அடைத்தேன். சற்று நேரத்தில் வயற்காட்டுச் சனங்கள் பிள்ளைகுட்டியோடு ஓடிவந்து தட்டினார்கள். ஒரு பெண் என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள்."

"யார்?"

"தெரியாது. பெருங்கதவில் இருந்த சின்னத் திட்டிவாசலைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தால் கதவைத் திறந்துவிடுவேன் என்று பயம். கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். அவர்கள் தட்டியது முதுகில் அதிர்ந்துகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துக் குளம்படி கேட்டது. அப்புறம் யாரும் தட்டவில்லை."

சேந்தனார் கல்நிலையில் கை வைத்தார்.

"திறந்து வைத்திருந்தால் பகைவரும் நுழைந்திருப்பார்கள். உள்ளே ஆயிரம் குடும்பம் என்னை நம்பி இருந்தது. திறக்காமலும் ஊர் பிழைக்கவில்லை. திறந்திருக்க வேண்டுமா, கூடாதா? இந்த ஒரு கேள்விதான் என்னைத் தின்கிறது. நீங்களாவது சொல்லுங்கள்."

மங்கையம்மை எழுந்தார். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று எதிரே பார்த்தார்.

"அந்த மலைக்காடு அன்றும் இருந்ததா?"

"இருந்தது. இதைவிட அடர்த்தியாக."

"அதற்குள் குதிரை போகுமா?"

"போகாது. முள்ளும் பாறையும்."

"பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போய்ச் சேர்ந்திருக்கலாமா?"

"தாராளமாக. படை வருவதற்கு நேரம் இருந்ததே."

"பின்னே ஏன் ஓடாமல் இங்கேயே நின்றார்கள்?"

"கதவு திறக்கும் என்று நம்பி..."

மங்கையம்மை அவர் பக்கம் திரும்பினார். கேட்க மனமில்லாதவர்போல் மெதுவாகக் கேட்டார்.

"திறக்க மாட்டோம் என்று அவர்களிடம் சொன்னீர்களா, ஐயா?"

சேந்தனார் மலைக்காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.