மாமா தலை அளவுக்கு ஒரு பரிசு

இந்தக் கதையின் முடிவில் நீங்கள் சிரிப்பீர்கள். அதற்கு உத்தரவாதம் உண்டு. ஆனால் இப்போதே ஆரம்பித்துவிடக் கூடாது. வெங்கலப்பட்டிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். "ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க" என்று யாராவது தொண்டையைச் செருமினால் போதும், விழுந்து விழுந்து சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அருமையாச் சொன்னீங்க" என்று எழுந்து போய்விடுவார்கள். சொல்ல வந்தவர் திறந்த வாயோடு நிற்பார். ஆகவே பொறுமை. இதில் பசை ஒன்று வருகிறது. அது காய்ந்த பிறகுதான் சிரிப்பு.

அந்த வெங்கலப்பட்டியில் துணிந்து பெண் கொடுத்தவர் ஒருவர் உண்டு. பெயர் வேலாயுதப்பெருமாள். டவுன் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் நேரக் காப்பாளராக விசில் ஊதியவர். உத்தரவு போடாமல் அவரால் தும்மக்கூட முடியாது. மூத்த மகளைக் கொடுத்த ஒரே வாரத்தில் மாப்பிள்ளையின் மூளை எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்துபோனது. தெரிந்த பிறகு இரண்டாவது மகளையும் அதே ஊரில் கொடுத்தார். மூன்றாவதையும் கொடுத்தார். "ஒரே பஸ்ல போய் மூணு பேரையும் பார்த்துட்டு வந்துடலாம்ல?" என்றார். முட்டாள்கள் வெங்கலப்பட்டியில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்திருந்தால், அதை இத்தோடு விட்டுவிடுங்கள்.

மூத்தவர் தங்கமாரியப்பனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மாமனார் ஒரு தடவைகூட அவரை "மாப்பிள்ளே" என்று கூப்பிட்டதில்லை. "இந்தாப்பா." அவ்வளவுதான். பந்தியில், "இந்தாப்பா, இலையை எடு." நல்லது கெட்டதில், "இந்தாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு." பால்காரரும் இந்தாப்பா, இவரும் இந்தாப்பா. ராத்திரியில் தூக்கத்தில்கூட யாராவது "மாப்பிள்ளே" என்றால் தங்கமாரியப்பன் "மாமா!" என்று எழுந்து உட்காருவார். சொன்னது பக்கத்து வீட்டு டி.வி.யாக இருக்கும்.

இந்த வருஷம் மாமாவுக்கு அறுபது. மணிவிழா. அதற்கு மாமா இரண்டு உத்தரவு போட்டார்.

முதல் உத்தரவு பரிசைப் பற்றி. பதினோரு தீபாவளிக்கும் மருமகன்கள் சுவர்க்கடிகாரமாகவே வாங்கிக் கொடுத்து, மாமா வீட்டில் பதினாறு கடிகாரங்கள் பதினாறு நேரம் காட்டின. நேரக் காப்பாளருக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா? "கடையில வாங்கினது எதுவும் என் வாசப்படி தாண்டக் கூடாது. உங்க கையால எதையாவது செஞ்சு குடுங்க. என் வீட்லயே உக்காந்து செய்யுங்க. அப்பதான் எனக்கு நம்பிக்கை வரும்."

இரண்டாவது உத்தரவு தங்கமாரியப்பனுக்கு மட்டும். முந்நூறு அழைப்பிதழ் அடங்கிய பெட்டியை அவர் மடியில் வைத்தார். "இந்தாப்பா, சொந்தக்காரங்க இருக்கிற பதினேழு ஊருக்கும் இது போய்ச் சேரணும். ஒண்ணு கசங்கக் கூடாது."

தங்கமாரியப்பன் பதினேழு நாள் பஸ் ஏறினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊரிலும் இறங்கினார். ஒரு டீ குடித்தார். பெட்டிக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். சொந்தக்காரர்கள், "பெட்டியில என்ன?" என்று கேட்டார்கள். "மாமா மணிவிழாப் பத்திரிகை." "பிரமாதமா அடிச்சிருக்காரா?" "ரொம்பப் பிரமாதம்." அடுத்த பஸ்ஸில் பெட்டியோடு திரும்பிவிட்டார். பதினேழு ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. ஒன்றுகூடக் கசங்கவில்லை. "எல்லாம் முடிஞ்சுது மாமா" என்று சொன்னபோது, மாமா முதல் தடவையாகத் தலையை ஆட்டினார். அறுநூறு பேருக்குச் சமையல் சொல்லிவிட்டார்.

சிரிக்காதீர்கள். பசையை இன்னும் கிண்டவே இல்லை.

விழாவுக்கு முதல் நாள் காலை மூன்று பேரும் மாமா வீட்டில் கூடினார்கள். அத்தையும் மூன்று மகள்களும் தையல்காரரிடம் ஜாக்கெட் வாங்கப் போயிருந்தார்கள். தையல்காரர் "பத்து நிமிஷம்" என்று சொல்லியிருந்ததால் சாயங்காலம்வரை வரமாட்டார்கள்.

நடு மருமகன் பொன்னுத்துரையிடம் புத்தகம் இருந்தது. 'விசேஷங்களுக்கு வீட்டிலேயே செய்யலாம் எளிய பரிசுகள்' என்று ஏதோ பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்தது. பொன்னுத்துரைக்கு எதைப் படித்தாலும் ரேடியோவில் செய்தி வாசிக்கும் குரல் வந்துவிடும். இளையவன் சீனிராஜுக்குச் சந்தேகம் மட்டும் வரும். முடிவெடுப்பது தங்கமாரியப்பன். மூத்தவர் அல்லவா?

"பக்கம் பன்னிரண்டு. அன்புக்குரியவரின் தலை, காகிதச் சிற்பம்" என்று வாசித்தார் பொன்னுத்துரை. "முதலில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளவும்."

சீனிராஜ் பேப்பரைத் திருப்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, இது இன்னைக்குப் பேப்பர். நாளைக்குத்தான் பழசாகும்."

"நாளைக்கு விழாப்பா."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். பிறகு பொன்னுத்துரை பேப்பரை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம்வரை உரக்க வாசித்து முடித்தார். "எல்லாம் தெரிஞ்ச சேதி ஆயிடுச்சு. இனி இது பழசு."

விரித்தார்கள். மைதாவைத் தண்ணீரில் காய்ச்சிப் பசை தயாரானது. மைதா கடையில் வாங்கியதுதானே என்று சீனிராஜ் கேட்டான். "அத்தை வாங்கினது. நாம வாங்கல" என்று தீர்ப்பு வந்தது.

"பசையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்."

அலமாரி மேல் வைத்தார்கள். மூன்று மருமகன்களின் ஐந்து குழந்தைகளும் நாற்காலி போட்டு எட்டிவிட்டன. பரண்மேல் வைத்தார்கள். ஏணி போட்டு எட்டின.

"பசையை வெங்கலப்பட்டியில வச்சுட்டு வரட்டுமா?" என்றான் சீனிராஜ்.

"பஸ்ல சிந்தும். புள்ளைங்க சிந்தாது" என்றார் தங்கமாரியப்பன். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், வெங்கலப்பட்டி பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். இப்போது பசை குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, பாதுகாப்பாக இருந்தது.

"வீட்டில் இனிப் பயன்படாத காகிதங்களைத் தண்ணீரில் ஊறவைக்கவும்."

தங்கமாரியப்பனுக்கு முகம் மலர்ந்தது. பதினேழு ஊரையும் பார்த்துவிட்டு வேலை முடிந்து ஓய்வாக இருக்கிற காகிதம் அவரிடம் முந்நூறு இருந்ததே! கசங்காமல் எடுத்து, கசங்காமல் ஊறப் போட்டார்.

"கத்தரிக்கோலைப் பெரியவர்கள் உடன் இருக்கும்போது மட்டுமே எடுக்கவும்."

மூவரும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு விலகி உட்கார்ந்தார்கள்.

"நாம பெரியவங்கதானே அண்ணாச்சி? எனக்கே முப்பத்திரண்டு ஆயிடுச்சு."

"மாமா இருக்கிற வீட்டுல நீ உன்னைப் பெரியவன்னு சொல்லிக்குவியா? என்ன மரியாதை இது?"

சீனிராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மாமாதான் வர வேண்டும். ஆனால் பரிசு மாமாவுக்குத் தெரியவும் கூடாது. பொன்னுத்துரை துண்டை எடுத்தார்.

மாமா உடனே ஒத்துக்கொண்டார். மற்றவர்கள் வேலை செய்ய, தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் அவர் எதற்கும் ஒத்துக்கொள்வார். கண்ணைக் கட்டியபோது, "ம், ம், இறுக்கிக் கட்டு. ரகசியம்னா ரகசியமா இருக்கணும்" என்று அதற்கும் உத்தரவு போட்டார்.

"ஒரு பலூனை ஊதிக்கொள்ளவும்" என்று கிசுகிசுத்தார் பொன்னுத்துரை. செய்தி வாசிப்பவர் கிசுகிசுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பலூன் கடையில்தான் கிடைக்கும். கடைப் பொருள் வாசப்படி தாண்டக் கூடாது. மூவருக்கும் கை கால் ஓடவில்லை.

"அடுத்த வரி. பலூன் இல்லையேல், தேவையான தலையின் அளவுக்குச் சரியாக உள்ள எந்த உருண்டைப் பொருளின் மேலும் ஒட்டலாம். பொருள் வழுவழுப்பாக இருப்பது நல்லது."

சொம்பைக் கொண்டுவந்தார்கள். சிறிது. சமையலுக்கு வந்திருந்த பூசணிக்காயை உருட்டி வந்தார்கள். பெரிது. அளவு சரியாகத் தெரிய வேண்டுமே என்று, தங்கமாரியப்பன் நூலால் மாமாவின் தலையைச் சுற்றி அளந்தார். பிறகு அந்த நூலோடு வீடு முழுக்க அலைந்தார்கள். உரலைச் சுற்றினார்கள். குத்துவிளக்கைச் சுற்றினார்கள். எதுவும் சேரவில்லை. சலித்துப்போய்த் திரும்பி வந்த சீனிராஜ், தற்செயலாக நூலை மாமாவின் தலையிலேயே மறுபடி சுற்றினான்.

"அண்ணாச்சி! இம்மி பிசகாம இருக்கு!"

ஜன்னல் வெயிலில் மாமாவின் தலை பளபளத்தது. உருண்டை. வழுவழுப்பு. புத்தகம் எழுதியவர் மாமாவைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

"ஒட்டும் முன் பொருளின் மேல் எண்ணெய் தடவவும்."

தடவினார்கள். மாமா நெளிந்தார். "என்னப்பா, தேங்காயெண்ணெயா?" என்றார். அடுத்து குளுகுளுவென்று ஏதோ தலையில் வந்து அப்பியது. மாமா மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்தார். முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்பவர்களின் பிரசங்கத்தைக் கேட்டவர் அவர். மொட்டைத் தலையில் எண்ணெய், அதற்கு மேல் வைத்தியர் போடுவதுபோல் ஒரு பத்து, அதுவும் போட்டோ எடுக்கப்போகும் நாளுக்கு முதல் நாள். வேறென்னவாக இருக்கும்?

"அடேய்," என்றார் மாமா. "முடி முளைக்கிற மூலிகையா? உங்க கையாலயே அரைச்சீங்களா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆகவே ஒன்றும் சொல்லவில்லை.

"இந்தாப்பா, மூத்தவனே," என்று கையை நீட்டிக் காற்றில் துழாவினார் மாமா. "உன்னை நான் ரொம்பச் சாதாரணமா நினைச்சுட்டேன். நாளைக்குள்ள ஒரு முடி, ஒரே ஒரு முடி என் கையில தட்டுப்படட்டும். சபையில உன்னை மாப்பிள்ளேன்னு கூப்பிடுறேன்."

தங்கமாரியப்பன் பசைக் கையைத் துடைத்துக்கொண்டார். புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "முடிக்கு என்ன போட்டிருக்கு?"

"கறுப்புக் கம்பளி நூல். கடைசியில்."

"நிறைய ஒட்டிடுவோம்" என்றார் தங்கமாரியப்பன்.

ஏழு அடுக்கு ஒட்டினார்கள். காதுக்கு மேல், கண்கட்டுக்கு மேல், கன்னத்துக்கு மேல். 'மூக்குக்கு இரண்டு துளை விடவும்' என்று இருந்ததால் மாமா பிழைத்தார். வாய்க்குத் துளை என்று எழுதவில்லை. இருந்தாலும் மாமா பேசிக்கொண்டே இருந்ததால் அங்கே காகிதம் நிற்கவில்லை.

"நல்ல வெயிலில் உலர்த்தவும். அவ்வப்போது திருப்பி வைக்கவும்."

மொட்டை மாடியில் ஸ்டூல் போட்டு மாமாவை உட்காரவைத்தார்கள். கால்மணிக்கு ஒரு தடவை ஸ்டூலோடு திருப்பினார்கள். சீனிராஜ் வற்றலுக்குக் காவல் நிற்பதுபோல் கம்போடு நின்று காக்கை விரட்டினான். "எரியுதா மாமா?" என்று கேட்டார் பொன்னுத்துரை. "எரிஞ்சாத்தான்யா வேர் பிடிக்கும்" என்று காகிதத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

மத்தியானம் பசை காய்ந்தது. தட்டினால் தகர டப்பா மாதிரிச் சத்தம். அத்தையின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, கம்பளி நூலைத் தங்கமாரியப்பன் ஒரு கொத்து இல்லை, ஒரு கூடை ஒட்டினார். மாமா மெதுவாகக் கையைத் தூக்கினார். தடவினார். இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"சுருட்டை முடி!" என்று அலறினார் மாமா. "எங்க அப்பாவுக்கு இருந்த மாதிரி! மாப்பிள்ளே! என் தங்க மாப்பிள்ளே!"

தங்கமாரியப்பன் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பதினோரு வருஷம்! பக்கத்து வீட்டு டி.வி. இல்லை, சாட்சாத் மாமாவே சொல்லிவிட்டார்!

"அண்ணாச்சி, இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு" என்றார் பொன்னுத்துரை. "நன்கு காய்ந்ததும், உள்ளே இருப்பதை ஊசியால் குத்தி வெளியே எடுக்கவும். பெரிய சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம்."

"உள்ள பலூன் இல்லையே?" என்றான் சீனிராஜ்.

"உள்ளே இருப்பதைன்னுதான்யா போட்டிருக்கு."

குத்தும் உரிமை மூத்தவருக்கு. தங்கமாரியப்பன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அத்தையின் சாக்குத் தைக்கிற ஊசியை எடுத்து, மாமாவின் உச்சிக்குச் சற்றுப் பின்னால், அன்போடு குத்தினார்.

பெரிய சத்தம் கேட்டது. அவர்கள் பயப்படவில்லை.

மாமா துள்ளி எழுந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்து, கண்கட்டோடு சேர்த்து ஒரே இழுப்பாக உருவி எறிந்தார். எண்ணெய் பூசியிருந்ததால் அழகாக வந்தது. அது உருண்டுபோய், சுருட்டை முடியோடு, வாயைத் திறந்தபடி மாமாவையே பார்த்தது.

மாமா தன் மண்டையைத் தடவினார். வழுவழுப்பு. காகிதத் தலையைத் தூக்கினார். முடியைப் பார்த்தார். பிறகு கவிழ்த்து உள்ளே பார்த்தார். தன் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை மனிதர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். உள்ளே, நாலாபக்கமும், தங்க எழுத்தில் அவர் பெயர். 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து.' அதற்குப் பக்கத்தில் மறுபடியும் 'வருகை தந்து.' உச்சியில் ஊசி ஓட்டைக்கு அருகே இன்னொரு 'வருகை தந்து.'

மாமா காகிதத் தலையைத் தங்கமாரியப்பனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தாப்பா... இது பதினேழு ஊருக்கும் போய்ச் சேர்ந்துச்சுன்னியே?"

"சேர்ந்துச்சு மாமா."

"அப்புறம் இங்க எப்படி?"

"பத்திரமாத் திரும்பக் கொண்டுவந்துட்டேனே மாமா!"

கீழே சமையல்காரர்கள் அறுநூறு பேருக்கான அண்டாவை இறக்கும் சத்தம் கேட்டது. மாமா அந்தத் திசையைப் பார்த்தார். கையிலிருந்த தலையைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு," என்றார் மாமா, "யாருதான்யா வருவா?"

தங்கமாரியப்பன் விரல் விட்டு எண்ணினார். புள்ளைங்களை ஊருக்கு அனுப்பியாயிற்று. அத்தையும் மற்றவர்களும் தையல்காரரைப் பொறுத்தது.

"நாங்க மூணு பேர் வருவோம் மாமா. நீங்க வந்தா நாலு."