செவலைக்குப் போட்ட ஊசி

தீர்ப்புச் சொல்ல எல்லோருக்கும் ஆசை உண்டு. இந்தக் கதை முடியும்வரை அதைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். எனக்கே நாலு முறை மனசு மாறியது.

மாயாற்றுக் கரையில் ஒரு நீர்மருத மரம். அதன் உச்சிக் கிளையில் பாறுக் கழுகுகள் கூடு கட்டியிருந்தன. செத்த மாட்டைத் தின்று காட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் பறவை பாறு. வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும். அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் குஞ்சு பொரித்த கூடு இது ஒன்றுதான். அதைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறிப்பெடுக்க ஆக்னஸ் என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் ஆற்றோர ஊரில் ஏழு மாதமாகத் தங்கியிருந்தாள்.

பாறுக்கு எமன் ஒரு வலி ஊசி. மாட்டுக்குப் போட்டால் வலி போகும். போட்ட சில நாளுக்குள் அந்த மாடு செத்து, அதைப் பாறு தின்றால் பாறும் சாகும். அரசாங்கம் அதை மாட்டுக்குப் போடக் கூடாதென்று தடை செய்துவிட்டது. கழுகைக் கெடுக்காத வேறு மருந்து இருக்கிறது. இதையெல்லாம் ஆக்னஸ் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அந்த ஊரில் செத்த மாட்டைப் புதைப்பதில்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு மேற்கே உள்ள பாறைக்கு இழுத்துப்போய்ப் போடுவார்கள். ஆகவே ஒரு ஏற்பாடு செய்தாள். மாடு செத்தால் முதலில் அவளுக்குச் சொல்ல வேண்டும். என்ன மருந்து கொடுத்தது என்று மாட்டுக்காரரிடமே அவள் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் மாடு பாறைக்குப் போக வேண்டும்.

'கெட்ட ஊசி போட விடமாட்டேன்' என்று அம்மன் கோயிலில் முதலில் சத்தியம் செய்தவள் சித்தம்மா. புருஷன் இல்லாதவள். பொய் பேசமாட்டாள் என்று ஊரில் பெயர். அவளுக்கென்று இருந்தது செவலை என்ற ஒரு பசு.

மாசி மாதம் தண்ணீருக்கு இறங்கிய செவலை வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டது. இரண்டு நாள் கத்தல். கால்நடை மருந்தகத்து உதவியாளன் குமரகுரு வந்து பார்த்தான். நல்ல மருந்து தீர்ந்துபோயிருந்தது. வியாழக்கிழமைதான் வரும், அன்று திங்கள். அவன் பையில் மனிதர்களுக்குப் போடும் மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. அதே கெட்ட மருந்து.

"அக்கா, இது ஆகாத மருந்துங்க. இதப் போட்டு மாடு செத்துதுன்னா பாறைக்குக் கொண்டுபோகவே கூடாது. ஆழமா குழி வெட்டிப் பொதச்சிருங்க."

"போட்டுடு சாமி. இது கத்தறத என்னால கேக்க முடியல. நான் பொதச்சுக்கறேன்."

ஊசி போட்டான். செவலை அடங்கியது. சாயங்காலம் அவள் கையிலிருந்து ஒரு வாய் புல் தின்றது. விடியும்போது செத்துக் கிடந்தது.

காட்டில் மாட்டுப் பட்டியில் தங்கியிருந்த கொழுந்தன் காளன் காலையில் வந்து சேர்ந்தான். "பொதச்சிரு" என்றாள் சித்தம்மா. ஏன் என்று சொல்லவில்லை. சத்தியம் செய்த வாயால் அதை மீறினேன் என்று சொல்லக் கூசினாள்; உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். துக்கத்தில் அண்ணிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தான் காளன். முழங்கால் ஆழத்தில் பாறை தட்டியதும் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஆக்னஸுக்குப் போன் செய்தான்.

கூட்டுக்கு நாலு நாளாகச் சரியாக இரை வரவில்லை என்பதை ஆக்னஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளதைச் சொன்னால், செத்த மாடு என்றதும் அவளுக்குச் சந்தோஷம்தான். ஓடி வந்தாள்.

"ஊசி ஏதாவது போட்டாங்களா?"

"எங்க அண்ணியாவது போடறதாவது! அம்மன் முன்னால சத்தியம் பண்ணுனவங்க மேடம்."

பத்தடி தள்ளிச் சாத்திய கதவு. உள்ளே அழுகைச் சத்தம். அழுகிறவளைக் கூப்பிட்டு மருந்துக் கணக்குக் கேட்க ஆக்னஸுக்கு மனம் வரவில்லை. 'மருந்து இல்லை' என்று எழுதினாள். காளன் கயிற்றை அவிழ்த்தான். செவலை பாறைக்குப் போனது.

மத்தியானம் பதினொரு பாறுகள் இறங்கின. மூன்றாம் நாள் சில கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. மொத்தம் ஆறு. கூட்டின் தாயும் தகப்பனும் அதில் சேர்த்தி. அந்த மெல்லிய உச்சிக் கிளைக்கு ஆள் ஏற வழியில்லை. குஞ்சு வானத்தைப் பார்த்து வாய் திறப்பதை ஆக்னஸ் ஐந்து நாள் பார்த்தாள். ஆறாம் நாள் அது அசையவில்லை. செத்த பறவைகளை அறுத்துச் சோதித்தபோது விஷயம் வெளியே வந்தது. குமரகுரு தானாகவே வந்து ஒப்புக்கொண்டான்.

இப்போது தீர்ப்புச் சொல்லுங்கள். குமரகுரு தடையை மீறினான், ஆனால் எச்சரித்துவிட்டுப் போனான். சித்தம்மா சத்தியத்தை மீறினாள். அது இரக்கத்தால், புதைக்கவும் சொன்னாள். காளனுக்கு எதுவுமே தெரியாது, அண்ணியை நம்பியதைத் தவிர அவன் செய்தது என்ன? ஆக்னஸோ அழுகிறவளைத் தொந்தரவு செய்யவில்லை. இந்த நால்வரில் அந்தக் குஞ்சின் சாவுக்கு யார் பொறுப்பு?

விடை: ஆக்னஸ். மற்ற மூவர் மேலும் தப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்லவர்களும் ஒருநாள் தவறுவார்கள் என்பதற்காகத்தான் கேட்டு எழுதும் ஏற்பாடே வந்தது. அதைச் செய்யத்தான் அவள் அங்கே இருந்தாள். கேட்க வேண்டியவளிடம் கேட்காமல் அவள்மேல் இருந்த மதிப்பையே பதிலாக எழுதிக்கொண்டாள். சித்தம்மா மட்டும் தான்தான் கொன்றதாகச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். தப்பு தன்னுடையது என்று அவளிடம் போய்ச் சொல்ல ஆக்னஸுக்கு மூன்று மாதம் ஆயிற்று. சித்தம்மா சொன்னாள்: "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, கண்ணு."