தலையில் மண்கட்டி

கார்பேத்திய மலைக்கும் டான்யூப் ஆற்றுக்கும் நடுவில், ருமேனிய சனங்கள் வாழ்ந்த ஒரு சீமையை வெகு காலத்துக்கு முன் பெத்ரிலா என்றொரு அரசர் ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் நினைவிருக்காது.

அந்தச் சீமையில் எழுதிவைத்த சட்டம் கிடையாது. எல்லாம் வழக்கம்தான். நிலத் தகராறு வந்தால் ஒருவர் பன்னிரண்டு பேரைக் கூட்டி வருவார். அவர்கள் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, "எங்கள் ஆள் பொய் சொல்லமாட்டார்" என்று சத்தியம் செய்வார்கள். எதிராளி ஜெயிக்க வேண்டுமானால் இருபத்துநாலு பேர் வேண்டும். எந்தப் பக்கம் தலை அதிகமோ, அந்தப் பக்கம் நியாயம்.

வின்டிலா பிரபுவுக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். அவருக்கு ஆட்கள் அதிகம்.

ஒரு பனிக்காலத்தில் அவர் ஸ்தாங்கா என்ற விதவையின் பிளம் தோட்டத்தைத் தன்னுடையது என்றார். பன்னிரண்டு பேர் சத்தியமும் செய்தார்கள். ஸ்தாங்காவின் ஊரில் மொத்தமே ஏழு ஆண்கள். அதில் ஒருவருக்குக் காய்ச்சல்.

"மகாராஜா, அந்தத் தோட்டம் போனால் என் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை" என்று அழுதாள் அவள்.

"வழக்கம் அப்படி இருக்கிறதே அம்மா" என்றார் அரசர், வருத்தமாக.

அரசரின் எழுத்தரான தோமா எழுந்தார். சாதாரணக் குடியில் பிறந்து அரசவைக்கு வந்தவர். அதனாலேயே வின்டிலாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

"அரசே, இந்தத் தீர்ப்பை ஒரு நாழிகை நிறுத்துங்கள். எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. பிரபுவின் தலையில் இருக்கும் மயிர்த்தோல் தொப்பி என்னுடையது."

"அடே எழுத்துக்காரா! மூளை குழம்பிவிட்டதா?" என்று கத்தினார் வின்டிலா. அவருடைய பன்னிரண்டு பேரும் உடனே தொப்பிக்காகச் சத்தியம் செய்தார்கள். பழகிய வாய்.

தோமா வெளியே போய்ச் சமையல்காரர், குதிரைக்காரர், கோயில் மணி அடிப்பவர் என்று இருபத்துநாலு பேரோடு வந்தார். "தோமா இதுவரை பொய் சொன்னதில்லை" என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். அதுவரைக்கும் அது உண்மைதான். தொப்பியைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு பொய்க்குத் தோமா பிறகு மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார்.

"அதற்கும் இரட்டிப்பாக நாற்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்களா வின்டிலா?" என்று கேட்டார் அரசர்.

"இப்போது எங்கே போவேன்?"

"அப்படியானால் தொப்பியைக் கொடுத்துவிடும்."

வின்டிலாவின் வழுக்கை குளிரில் சிவந்தது. அரசர் தம் கிரீடத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"தோமா, இதற்கு எத்தனை பேர் வேண்டியிருக்கும்?"

"அதை யோசிக்கவே பயமாக இருக்கிறது அரசே."

"எழுது! இந்தக் கணமே சட்டம் எழுது! வின்டிலா, நீர்தானே பாதிக்கப்பட்டவர், நீரே சொல்லும்."

வின்டிலா ஆத்திரத்தில் மளமளவென்று சொன்னார்: "பொருளை அருகிலிருந்து பார்த்திராதவன் சாட்சியே இல்லை! அப்படிப்பட்ட சாட்சியை வைத்துப் பறித்தவன் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிலத்தின் எல்லையை நடந்து காட்டிச் சத்தியம் செய்பவர்கள் செய்வதுபோல் தலையில் மண்கட்டி வைத்து, அன்று சபையில் வழக்கில் இருக்கும் நிலத்தைச் சுற்ற வேண்டும். வெறுந்தலையில்!"

தோமா எழுதினார். அரசர் முத்திரை வைத்தார்.

"இனி தோட்ட வழக்கு" என்றார் தோமா. "பிரபுவே, உங்கள் பன்னிரண்டு பேரில் ஸ்தாங்காவின் தோட்டத்தைப் பார்த்தவர் யார்?"

ஒருவரும் பார்த்ததில்லை. ஒருவர் மட்டும், "அது ஆப்பிள் தோட்டம்தானே?" என்றார்.

"நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை!" என்றார் வின்டிலா.

"மன்னியுங்கள் பிரபுவே, எழுதியிருக்கிறது."

தோட்டம் ஸ்தாங்காவுக்கே திரும்பியது. மீதிச் சட்டத்தையும் எழுதும் பொறுப்பை அரசர் தோமாவுக்கே கொடுத்து, தம் பக்கத்தில் ஆசனமும் போட்டார். வின்டிலா தோட்டத்துக்குப் போய், உறைந்து கல்லான ஒரு மண்கட்டியைத் தலையில் தூக்கினார். தோமாவும் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு கட்டியை எடுத்தார்.

"உனக்கு எதற்கப்பா? நீ நல்லதுக்குத்தானே செய்தாய்" என்றார் அரசர்.

"அப்படி ஒரு வரி நாம் எழுதவில்லையே அரசே."

இருவரும் முன்னும் பின்னுமாக வேலியோரம் நடந்தார்கள். பாதிச் சுற்றில் வின்டிலா திரும்பாமலே கேட்டார்: "கனக்கிறதா?"

"கனக்கிறது பிரபுவே. அடுத்த சட்டத்தைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்."