வால் இல்லாத செய்தி

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு நாவல் மரம். அதன் தாழ்ந்த கிளையில் நின்று மைனா தினமும் காலையில் செய்தி சொல்லும்.

முன்பு அந்த வேலையைச் செய்தது ஆள்காட்டிக் குருவி. அது ஒரு வாக்கியம் சொல்லும். மூச்சு விடும். கொஞ்சம் யோசிக்கும். அதற்குள் குரங்குகள் எழுந்து போய்விடும்.

மைனா வந்ததும் இடையில் விடும் மூச்சை எடுத்துவிட்டது. "வணக்கம் காட்டு மக்களே!" என்று முதலில் ஓர் அலறல். பிறகு, எதற்கென்று தெரியாமல், சிறகால் கிளையில் ஓர் அடி. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்த கொப்புக்கு ஒரு தாவல். அங்கிருந்து அடுத்த வாக்கியம். கூட்டம் பெருகியது.

"வாக்கியத்தின் வாலை யாரும் கேட்பதில்லை அண்ணே," என்று ஆள்காட்டியிடம் சொன்னது மைனா. "நறுக்கிவிடு! விறுவிறுப்பு தானாக வரும்!"

"வாலில் ஏதாவது இருந்தால்?"

"வாலில் வேறென்ன இருக்கும்? ஈதான் இருக்கும்!"

குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

மாலையில் மைனா புள்ளிமானின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும். மானுக்கு அரிப்பு நிற்கும். மைனாவுக்கு வயிறு நிறையும். மைனா பேசாமல் இருந்த ஒரே இடம் அந்த முதுகுதான். அதற்கு வேறு சிநேகிதமும் கிடையாது. கேட்பவர்கள்தான் நிறைய.

ஒரு கோடைக் காலையில் ஆள்காட்டி பறந்து வந்தது.

"முதலை இடம் மாறிவிட்டது தம்பி! நான் சொல்வதை அப்படியே சொல். வடக்குத் துறையில் முதலை இருக்கிறது என்பது பழைய செய்தி. தெற்குத் துறையில் தண்ணீர் குடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்."

"இவ்வளவு நீளமா!" என்றது மைனா. கிளையில் ஓர் அடி அடித்தது.

"வணக்கம் காட்டு மக்களே! வடக்குத் துறையில் முதலை இருக்கிறது!" தாவல். "தெற்குத் துறையில் தண்ணீர் குடிக்கலாம்!" தாவல். "அடுத்து, குரங்கு வீட்டுக் கல்யாணம்!"

மான் தெற்கே நடந்தது.

அது கழுத்தைத் தாழ்த்திக் குடிப்பதை மைனா மேலிருந்து பார்த்தது. பக்கத்தில் ஒரு மரக்கட்டை கண் திறந்ததையும் பார்த்தது.

"வணக்கம் காட்டு மக்களே!" என்று அலறியது. வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அதற்கு மறந்துபோயிருந்தது.

தினமும் கேட்பதுதானே என்று மான் குடித்துக்கொண்டே இருந்தது.

"முதலை!" என்றது ஆள்காட்டி.

மான் துள்ளியது. முதலைக்கு வால் மட்டும் கிடைத்தது.

அன்று மாலை மைனா மானைத் தேடிப் போனது. போகிற வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டது: 'நான் செய்தது தவறில்லை என்று சொல்ல மாட்டேன்.' முதுகில் இறங்கி உட்கார்ந்தது.

"மானக்கா! நான் செய்தது தவறில்லை!" என்றது. பழக்கத்தில் முதுகின் மறுபக்கத்துக்குத் தாவியது.

மான் காதைத் திருப்பி வைத்துக் காத்திருந்தது. இன்னும் ஏதோ வரும் என்று நினைத்தது.

"அடுத்து..." என்றது மைனா.

மான் உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து மைனாவைக் கீழே தள்ளிவிட்டு நடந்தது.

வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் வாக்கியத்தின் கடைசியில் வருகிற மொழியில், முடிக்கப் பொறுமை இல்லாதவன் பேசத் தொடங்கக் கூடாது.