கரையாத கங்கு

அந்தக் காலத்தில், கைகால் முளைத்த உயிர் ஒன்றுகூட இல்லாத கடலில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும் பேசிக்கொண்டு திரிந்தன. அடிச்சேற்றில் விழுங்கி என்று ஒருத்தி இருந்தாள். எதிர்ப்பட்ட இரையை வளைத்து, தன் தோலிலேயே ஒரு துண்டைப் பையாகச் சுற்றி உள்ளே இழுப்பாள். பிறகு பைக்குள் புளித்த சாற்றை ஊற்றுவாள். இரை கரைந்துவிடும்.

இப்போது அவளுக்கே சாவு நெருங்கியிருந்தது. மேலே வெயில் காய்ந்த பச்சை நுண்ணுயிர்க் கூட்டம் ஓயாமல் விட்ட பிராணவாயு சேறுவரை இறங்கிவிட்டது. சேற்றுவாசிகளுக்கு அது விஷம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள். அவள் மட்டும் எரிச்சலில் சுருண்டு கிடந்தாள்.

அந்த வாயுவிலேயே துள்ளிக்கொண்டு கங்கு என்று ஒருவன் வந்தான். ஆள் பொடிசு.

"என்ன அக்கா, சுருண்டுட்டீங்க?"

"கிட்ட வா, சொல்றேன்."

வந்தான். பழக்கதோஷம், விழுங்கிவிட்டாள். பையும் சுற்றியாயிற்று. சாறுதான் சுரக்கவில்லை. அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

"ஏமாத்திட்டீங்களே," என்றான் பைக்குள்ளிருந்து. "சரி, பசிக்குது. மிச்சம் மீதி ஏதாவது கிடக்கா?"

இரை சாப்பாடு கேட்டதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய துணுக்கு ஒன்றைத் தள்ளிவிட்டாள். கங்கு அதை, உள்ளே ஊறி வந்த பிராணவாயுவோடு சேர்த்து எரித்தான்.

குப்பென்று ஒரு சூடு. எரிச்சல் அடங்கியது. உடம்பு விரிந்தது. இதுவரை போகாத தூரத்துக்கு ஒரே உந்தில் போனாள். திரும்பினாள். மறுபடி போனாள்.

"டேய், என்னடா பண்ணினே?"

"சாப்பிட்டேன். வேறென்ன."

வந்த தெம்பில் சாறும் சுரந்தது. பையின் ஓரம் வரை வந்துவிட்டது. கங்கு பையின் மறுபக்கம் ஒதுங்கினான். ஊற்று, ஊற்று என்றது பழகிய உடம்பு. விழுங்கி பிறந்தது முதல் செய்யாத ஒன்றைச் செய்தாள். சாற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டாள்.

"வெளியே விடட்டுமா?"

"உள்ளே இருந்தா சாப்பாடு போடுவீங்களா?"

"போடுறேன்."

"அப்ப காத்தை நான் பார்த்துக்கறேன். இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

அவன் பலவாகப் பெருகினான், அவள் பெருத்தாள். அவள் இரண்டாகப் பிரிந்தபோது இரண்டு பக்கமும் கங்குகள் இருந்தன. அவள் வழிவந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஒட்டி நின்று மரமானார்கள், மீனானார்கள், மனிதரானார்கள். நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் கங்குக்கு இன்றும் இரண்டு தோல். உள்ளே அவனுடையது, வெளியே அவள் சுற்றிய பை.

இன்று மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சு வாங்க வாயைத் திறந்து நிற்கிறாரே, அவர் உள்ளிருக்கும் அத்தனை கங்குகளும் காற்றுக்குக் காத்திருக்கின்றன. விஷமாக இருந்த காற்றுக்கு உயிர்கள் ஏங்கத் தொடங்கியது அன்று முதல்தான்.