செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

முப்பத்தோரு ஊருக்கு ஒரே ஆறு. ஆற்றங்கரையில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரேற்று நிலையம். அங்கே மோட்டார் இயக்குகிறவள் பாவாயி. பதினான்கு வருஷமாகியும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. ஆற்றின் மேல்பக்கம் சாயப்பட்டறைகள். இவ்வளவு சொன்னதுமே மிச்சக் கதை தெரிந்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். பட்டறைக்காரர்கள் கழிவைத் திறந்துவிட்டார்கள் என்பதில் புதிரே கிடையாது. திருடனைத் திருடன் என்று சொல்ல யாரும் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. என் புதிர் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற மூன்று பேரைப் பற்றியது.

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலை. மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் சிவப்பாக வந்தது. பாவாயி உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். உடனே திட்டப் பொறியாளர் சதாசிவத்தைக் கூப்பிட்டாள்.

"சார், தண்ணி செகப்பா வருதுங்க. நொரை பொங்குது, நாத்தம் தாங்கல."

"ரிசல்ட் வராம நிறுத்த எனக்கே அதிகாரம் இல்லம்மா. நீ மோட்டாரை ஓட்டு. லேபுக்கு அனுப்பச் சொல்றேன், மூணு நாள்ல தெரிஞ்சிரும்."

மூன்று நாள்! முப்பத்தோரு ஊரும் மூன்று நாள் குடித்து முடித்த பிறகு, அதைக் குடிக்கலாமா கூடாதா என்று தெரியுமாம். மாசுத் தடுப்பு அலுவலர் கோவர்த்தனனைக் கூப்பிட்டாள். புகாரை எழுத்தில் கொடு, திங்கட்கிழமை ஆபீசுக்கு வா என்றார் அவர்.

பாவாயி மோட்டாரை நிறுத்தினாள். உட்கார்ந்து முப்பத்தோரு ஊருக்கும் போன் போட்டு, தொட்டியில் இருப்பதைச் சிக்கனமாகத் திறந்துவிடச் சொன்னாள். தண்ணீர் லாரி கேட்டு அலுவலகத்தை நச்சரித்தாள். திங்கள் மாலை ஆறு தெளிந்ததும் அவளே மோட்டாரைப் போட்டாள்.

லாரி எல்லா ஊருக்கும் ஞாயிறன்றே போயிற்று, கடைசி ஊரான குழியம்பாளையத்தைத் தவிர. அங்கே தொட்டி காலி. ஜனங்கள் கல் வெட்டிக் கைவிட்ட கல்லுக்குழியில் தேங்கிக் கிடந்ததை மொண்டு குடித்தார்கள். வாந்தியும் பேதியுமாகப் பதினோரு பேர் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். அதில் ஒருத்தி பாவாயியின் தங்கை ராசாத்தி பெற்ற ஆறு வயதுப் பெண். பார்க்கப் போனவளை ராசாத்தி வார்டு வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஊருக்கு நல்லது பண்றேன்னு எம் புள்ளயப் படுக்க வெச்சுட்டயே அக்கா. உள்ள வராத."

பாவாயி கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை அங்கிருந்த பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

புதன்கிழமை துணை ஆட்சியர் முன்னால் விசாரணை. உத்தரவில்லாமல் குடிநீரை நிறுத்தியதாகப் பாவாயி மேல் குற்றச்சாட்டு. சதாசிவத்துக்கும் கோவர்த்தனனுக்கும் நாற்காலி உண்டு, அவள் நின்றாள்.

சதாசிவம் மறைக்காமல்தான் பேசினார். "ஆபத்துக்கு உதவட்டும்னு ஏரிக்கரையில ஒரு மாற்றுக் கிணறு திட்டத்துல இருந்தது. அதை நீக்கினவன் நான்தான். மாசுத் தடுப்பு ஆபீஸ் குடுத்த ஆறு வருஷத்து ஆய்வறிக்கை எழுபத்திரண்டு; ஒண்ணுலகூட ஆத்துத் தண்ணியில குறை இல்லை. கிணத்துக்குப் பதிலா வறண்டு கெடந்த ஒம்பது ஊருக்குக் குழாய் போட்டேன்." அந்த ஒன்பதில் குழியம்பாளையமும் ஒன்று.

கோவர்த்தனன் கையில் சட்டப் புத்தகம் இருந்தது. "மாசத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஆற்றில் மாதிரி எடுப்போம். ஒரு மாசமும் தவறியதில்லை. ஏழு நாள் முன்னாடி பட்டறைச் சங்கத்துக்குக் கடிதம் போயிரும். எல்லாம் விதிப்படி." விதியைக் கணீரென்று படித்தும் காட்டினார்: "தொழிற்சாலை வளாகத்துக்குள் நுழைந்து மாதிரி எடுக்குமிடத்து, ஏழு நாள் முன்னறிவிப்புத் தரப்பட வேண்டும்." துணை ஆட்சியர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

பாவாயியின் முறை வந்தது. "மாசத்து மொதச் செவ்வாக்கெழமன்னா தண்ணி பளிங்காட்ட வருமுங்க. புதங்கெழமயே நெறம் மாறிப் போயிரும். இந்த இன்சினியர் சாருகிட்ட ரெண்டு தடவ சொன்னனுங்க. அறிக்கையத் தூக்கிக் காட்டுனாருங்க. மோட்டார நிறுத்துனது நாந்தானுங்க."

"உத்தரவு இல்லாமலா?"

"பச்சப்புள்ளைக்குப் புட்டியில ஊத்திக் குடுக்கற தண்ணிங்க அது. மறுபடி அப்படி வந்தாலும் நிறுத்துவனுங்க."

ஒருவர் கிணற்றை நீக்கினார். ஒருவர் கடிதம் அனுப்பினார். ஒருத்தி மோட்டாரை நிறுத்தினாள். பொய் சொன்னவர் யாருமில்லை. அப்படியானால் அந்தப் பதினோரு பேரும் படுக்கையில் விழுந்ததற்கு இவர்களில் முதல் பொறுப்பாளி யார்? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: பாவாயி அல்ல. அவள் விஷத்தை நிறுத்தினாள். கல்லுக்குழியைத் தவிர வேறு வழியில்லாமல் செய்தது அவளல்ல. சதாசிவத்துக்குப் பங்கு உண்டு. கண்ணால் பார்த்தவள் சொல்லைத் தள்ளிக் காகிதத்தை நம்பினார். ஆனால் அந்தக் காகிதம் நாறியது எங்கே? கோவர்த்தனன் படித்த விதியை இன்னொரு தடவை பாருங்கள். ஆலை வளாகத்துக்குள் நுழைவதானால்தான் முன்னறிவிப்பு. அவர் மாதிரி எடுத்ததோ ஆற்றில். ஆறு எந்த முதலாளி வீட்டு வளாகம்? கடிதம் கண்ட பட்டறைகள் அந்த ஒரு செவ்வாய்க்கு மட்டும் கழிவை அடைத்துவைத்துவிட்டு மறுநாளே திறந்துவிட்டன. விதி கேட்காத மரியாதையைப் பட்டறைகளுக்கு எழுபத்திரண்டு தடவை செய்து, எழுபத்திரண்டு பொய்யான சுத்தத்தை எழுதி வாங்கியவர் அவர்தான். தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு கடிதம் போட அவருக்குத் தோன்றவில்லை. குழந்தை பிழைத்து வீடு திரும்பிவிட்டது. பாவாயியை வேலையை விட்டு நீக்கும் உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. போடுகிறவர் யாராக இருந்தாலும் சரி, அந்தச் சனிக்கிழமைத் தண்ணீரில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போடட்டும்.